கல்லை விட்டுப் பிரியாத உருவங்கள்

பண்டாரவளையிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் பிரதான வீதியில், நகரைக் கடந்து ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் சென்றதும் தோவ விகாரையை அடையலாம். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் நாளாந்தம் பயணம் செய்யும் நம்மவரில் பெரும்பாலானோருக்கு அது ஒரு பஸ் தரிப்பிடத்தின் பெயர் மாத்திரமே. வீதியை விட்டுச் சற்று உள்ளே சென்று பார்ப்போர், பாறையொன்றின் முகப்பில் 38 அடி உயரமான மனித உருவம் ஒன்று நின்றகோலத்தில் வெளிப்பட்டிருப்பதைக் காண்பர். 'வெளிப்பட்டிருப்பது' என்ற சொல்லை இங்கு வேண்டுமென்றே கையாள்கின்றோம். அவ்வுருவம் பாறையின் மீது ஒட்டப்பட்டதன்று. பாறையிலிருந்து முற்றாகப் பிரித்தெடுக்கப்பட்டதுமன்று. தலையும் தோளும் மார்பும் தெளிவாகப் புடைத்து நிற்க, கீழே செல்லச் செல்ல உருவம் மங்கிப் பாறையோடு பாறையாகிவிடுகின்றது. புத்த பெருமானின் இத்திருவுருவம் முற்றுப்பெறாத ஒன்று என்பதே அதற்குக் காரணம்.

இதனைச் செதுக்கத் தொடங்கியவன் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஆட்சியை இழந்து தலைமறைவாகத் திரிந்த வலகம்பா மன்னன் என்பது மரபுவழிச் செய்தியாகும். பாறையில் மாபெரும் நின்ற உருவங்களை அமைக்கும் வழக்கம் இந்நாட்டில் வலுப்பெற்றது அதற்குப் பல நூற்றாண்டுகள் பின்னரே என்பதால், குகை பழைமையானதாக இருப்பினும் உருவம் பிற்காலத்தது எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகின்றது. எவ்வாறாயினும், செதுக்கிய கைகள் யாருடையவை என்பதைக் கூறும் எழுத்து அங்கு இல்லை.

முடிவுறாத சிற்பம் ஒன்று, முடிவுற்ற சிற்பத்தைவிட ஒருவகையில் நமக்கு அதிகமாகக் கற்றுத் தருகின்றது. தோவவில் மேற்பகுதி உருப்பெற்றும் கீழ்ப்பகுதி உருப்பெறாதும் இருப்பது தற்செயலானதன்று. பாறையைச் செதுக்குவோர் மேலிருந்து கீழாகவே வேலை செய்வர். உச்சியிலிருந்து தொடங்கினால் வெட்டி வீழ்த்தும் கற்சில்லுகள் முடிவுற்ற பகுதியின் மீது விழுந்து சிதைக்க மாட்டா. நிற்பதற்கான சாரத்தையும் வேலை இறங்க இறங்கக் கழற்றிக்கொண்டே வரலாம். தமிழகத்தின் கழுகுமலையில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலும் இவ்வாறே சிகரம் முடிந்து அடித்தளம் முடியாத நிலையில் நிற்கின்றது. தோவவில் வேலை ஏன் நின்றது என்பதற்குப் பகைவர் வருகை, மன்னனின் இடப்பெயர்வு எனக் கதைகள் பலவுண்டு. கூலி கொடுக்க முடியாமற் போயிருக்கவும் கூடும் என எண்ணுவதற்கு ஊவா மண்ணில் வாழ்வோருக்குப் பெரிய கற்பனை வளம் தேவைப்படாது.

இவ்வகை ஆக்கத்தைப் புடைப்புச் சிற்பம் என்கின்றோம். சிற்ப நூல்கள் உருவங்களை மூவகையாகப் பிரிக்கும். நாற்புறமும் சுற்றிவந்து பார்க்கக்கூடிய முழுவடிவம் சித்திரம் எனப்படும்; பின்புறம் தளத்தோடு ஒட்டியிருக்க முன்புறம் மாத்திரம் புடைத்து நிற்பது அர்த்தசித்திரம்; சுவரிலோ துணியிலோ வரையப்படுவது சித்திராபாசம். இம்மூன்றிற்கும் இடையிலான எல்லை எப்போதும் கறாரானதன்று. அவுக்கன புத்தர் சிலையை முழுவடிவம் என்றே நாம் எண்ணுவோம். ஆயின் அதன் முதுகுப்புறத்தில் ஒடுக்கமான கற்பட்டை ஒன்று தாய்ப்பாறையோடு சிலையைப் பிணைத்து நிற்கின்றது. மறுமுனையில், நாணயத்தில் காணப்படும் தலையுருவம் ஒரு மில்லிமீற்றர் அளவுகூடப் புடைப்பதில்லை. எனினும் அதுவும் புடைப்புச் சிற்பமே.

புடைப்புச் சிற்பத்தின் உயிர் நிழலிலேயே தங்கியுள்ளது. ஓவியன் மூக்கின் பக்கத்தில் கருமை தீட்டி அதன் உயரத்தைக் காட்டுகின்றான். சிற்பி கருமை தீட்டுவதில்லை. சூரியன் தீட்ட வேண்டிய இடத்தில் ஒரு விளிம்பை வைத்துவிட்டு விலகிக்கொள்கின்றான். ஒளி நேர்முகமாக விழும் வேளையில் தட்டையாகத் தோன்றும் உருவம், பக்கவாட்டில் சாய்ந்து விழும் வேளையில் எழுந்து நிற்பதற்குக் காரணம் இதுவே. மதிய வேளையில் அவசரமாகப் படம் பிடித்துக்கொண்டு, 'படத்தில் ஒன்றும் தெரியவில்லை' எனக் குறைகூறுவோர் இதனை அறிந்துகொள்வது நன்று.

ஊவா மாகாணத்தின் மற்றுமொரு கோடியில், வெல்லவாயவிலிருந்து திஸ்ஸமகாராமை நோக்கிச் செல்லும் வீதியில் சில கிலோமீற்றர் தூரம் சென்று உட்புறமாகத் திரும்பினால் புதுருவகல உள்ளது. மண்டியிட்ட யானை போலத் தோன்றும் நீண்ட பாறையின் மீது ஏழு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. நடுவில் நிற்கும் புத்தர் உருவம் ஏறக்குறைய 51 அடி உயரமானது; இந்நாட்டின் பண்டைய நின்றகோலப் புத்தர் உருவங்களுள் மிக உயரமானது இதுவேயாகும். இருபுறமும் மும்மூன்று உருவங்கள். ஒரு குழுவின் நடுவில் அவலோகிதேஸ்வரர், அவர் அருகே தாரா தேவி. மறு குழுவில் கையில் வச்சிராயுதம் ஏந்திய வச்சிரபாணி. 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாகக் கருதப்படும் இவை, தேரவாத நாடாகவே இன்று அறியப்படும் இலங்கையில் மகாயான வழிபாடு எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்றாக விளங்குகின்றன.

புதுருவகலவில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்றும் உண்டு. அவலோகிதேஸ்வரர் உருவத்தின் மீது வெண்சாந்துப் பூச்சு இன்றும் எஞ்சியிருக்கின்றது; நடுவிலுள்ள புத்தர் உருவத்திலும் சாந்தும் வண்ணமும் இருந்தமைக்கான தடயங்கள் உள்ளன. நமது மலைநாட்டுப் பாறைகளும் அவற்றைச் சூழ்ந்த நிலப்பகுதிப் பாறைகளும் பெரும்பாலும் நைஸ் வகையைச் சேர்ந்தவை. பல கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, வரிவரியாகப் பட்டைகள் ஓடும் மிகக் கடினமான கல் அது. மணற்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் செதுக்குவது போன்று இமை மயிரையும் ஆடை மடிப்பையும் அதில் நுணுக்கமாக வெட்டுவது எளிதன்று. உளி நழுவும், பட்டை பெயரும். ஆகவே உருவத்தின் திரட்சியைக் கல்லிலும், நுணுக்கத்தைச் சாந்திலும், இறுதித் தோற்றத்தை வண்ணத்திலும் அமைத்தனர். இன்று நாம் வெறுங் கல்லாகக் கண்டு வியக்கும் உருவங்கள் தம் காலத்தில் சாந்து பூசி வண்ணம் தீட்டப்பட்டு நின்றவை. கோபுரத்துச் சுதை உருவங்களுக்கு வண்ணம் பூசும் தோட்டத்துக் கோயில் ஸ்தபதிமாரைப் பார்த்து 'இது கலையன்று' என முகஞ்சுளிக்கும் படித்தவர்கள், புதுருவகலவை ஒருமுறை சென்று பார்த்து வருவார்களாக.

தோவவும் புதுருவகலவும் எல்லையற்ற பாறையில் அமைந்த உருவங்கள். புடைப்புச் சிற்பத்தில் மற்றொரு வகையுண்டு. தனியொரு பலகைக் கல்லை எடுத்து, அதன் ஓரங்களை விட்டுவிட்டு உட்புறத்தை மாத்திரம் குடைந்து, அந்தப் பள்ளத்தினுள் உருவத்தை நிறுத்துவது. சுற்றியுள்ள விளிம்பைச் சட்டம் எனலாம். படத்துக்குச் சட்டம் போடுவது போன்று அழகுக்காகப் பின்னர் சேர்க்கப்பட்டதன்று இது. கல்லின் ஆதி மேற்பரப்பே இச்சட்டம். உருவத்தின் மிக உயர்ந்த புள்ளியான மூக்கு நுனியோ முழங்காலோ இதன் மட்டத்தைத் தாண்டாதவாறு சிற்பி பார்த்துக்கொள்கின்றான். அதனால் இரு பயன்கள் விளைகின்றன. கல் சாய்ந்து வீழ்ந்தாலும் அடி முதலில் சட்டத்தின் மீதே விழும், உருவம் தப்பும். மேல்விளிம்பு சற்று முன்தள்ளி நிற்குமாயின் மழைநீர் முகத்தின் மீது வழியாது வெளியே சொட்டும். ஆண்டில் பல மாதங்கள் மூடுபனியும் மழையும் சூழும் அப்புத்தளை, நமுனுகல போன்ற இடங்களில் இது சிறிய விடயமன்று.

இவ்வகைச் சட்டமிட்ட மனித உருவங்களைத் தமிழர் நன்கறிவர். அவற்றின் பெயர் நடுகல். போரிலோ, ஆநிரை மீட்பதிலோ, ஊரைக் காப்பதிலோ மாண்டவனுக்காக எடுக்கப்படும் கல். கல்லைத் தேர்வதிலிருந்து நீராட்டி நட்டு வாழ்த்துவது வரையிலான நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட மிகப் பழைய நடுகற்களில் எழுத்து மாத்திரமே உண்டு, உருவம் இல்லை. உருவமும் எழுத்தும் ஒருங்கே அமைந்த கற்கள் பல்லவர் காலத்தில் பெருகின. திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் பகுதியிலிருந்து திரட்டப்பட்ட கற்களைப் பற்றி இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட நூல் இத்துறையில் ஒரு திருப்புமுனை எனலாம். வில்லும் வாளும் ஏந்தி ஒரு பக்கமாகப் பாயும் வீரன். மார்பு நம்மை நோக்கியிருக்க, கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரைகின்றன. மேலேயும் ஓரங்களிலும் வட்டெழுத்தில் அவன் பெயர், அவன் தலைவனின் பெயர், அரசனின் ஆட்சியாண்டு, மாண்ட காரணம்.

அக்கற்களுள் ஒன்றைத் தனியே குறிப்பிடாதிருக்க இயலவில்லை. எடுத்தனூர் என்ற ஊரிலுள்ள, மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வர் இருவரைக் கடித்து நின்ற செய்தியையும் கல்லெழுத்து கூறுகின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் மாட்டுக் கொட்டிலைக் காத்த நாயின் பெயர் நமக்குத் தெரிகின்றது.

பெயர் எழுதப்படாதபோது நேர்வது யாது என்பதை அனுராதபுரத்து இசுறுமுனியவில் காணலாம். அங்குள்ள காதலர் சிற்பமும் ஒரு பலகைக் கல்லில் அமைந்த புடைப்புருவமே. இந்நாட்டுச் சிற்பங்களுள் மிகப் புகழ்பெற்றதும் அதுவே. அவ்விருவரும் யாவர்? சாலிய இளவரசனும் அசோகமாலாவும் என மக்கள் கூறுவர். போர்வீரனும் அவன் துணையும் என்பர் சிலர். தெய்வ உருவங்கள் என்பர் வேறு சிலர். குதிரைத் தலையோடு அமர்ந்திருக்கும் மனிதனைப் பற்றியும் இதே வாதம் நீடிக்கின்றது. கலை நிலைத்தது, ஆள் மறைந்துவிட்டார். இதற்கு நேர்மாறாகக் கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாகச் சிறு மாடங்களுள் செதுக்கப்பட்டுள்ள சமணத் திருவுருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தோரின் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. துறவியர் மாத்திரமன்றி, கைத்தொழில் செய்து பிழைத்தோரும் அவர்களுள் அடங்குவர்.

ஊவாவுக்குத் திரும்புவோம். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் இம்மலைகளுக்கு அழைத்துவரப்பட்ட மக்கள் திருச்சி, சேலம், புதுக்கோட்டை, வட ஆற்காடு, மதுரை, இராமநாதபுரம் போன்ற பகுதிகளைச் சேர்ந்தவர்கள். நடுகற்கள் செறிந்த நிலப்பகுதிகள் சிலவும் இவற்றுள் அடங்கும். கல்லில் மனிதனை நிறுத்திப் பெயரெழுதும் மரபு அவர்களின் முன்னோருடையது. அந்த மரபு கப்பலேறி வந்ததா? வந்தது, ஆயின் பாதி மாத்திரமே வந்தது. தோட்டங்களில் முனியாண்டியும் மாடசாமியும் கல்லாக நிற்கின்றனர். தொழிலோடு பிறந்த தெய்வங்களும் உண்டு. கவ்வாத்து வெட்டும் மலையில் கவ்வாத்துச் சாமி, தொழிற்சாலைச் சில்லுக்குக் காவலாக ரோதை முனி. இவை பெரும்பாலும் உருவம் செதுக்கப்படாத கற்கள். மஞ்சளும் குங்குமமும் கத்தியும் வைத்து வழிபடப்படுபவை. தெய்வத்துக்குக் கல் கிடைத்தது. மாண்ட மனிதருக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் தோட்டத்து மயானத்தில் மண்மேட்டின் கீழ் அடக்கப்பட்டனர்; சில மழைக்காலங்களின் பின்னர் மேடு கரைந்து புல் மூடிற்று.

இதே மாகாணத்தில் நினைவுச் சின்னங்களே எழவில்லை என எவரும் கூற முடியாது. பதுளை நகரின் சென் மார்க்ஸ் தேவாலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்தது. ஊவாவில் அதிகாரியாகப் பணியாற்றி வீதிகளைத் திறந்தவர் எனவும், கணக்கற்ற யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனவும் அறியப்பட்ட அவர், 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவரது பெயரும் இறந்த வகையும் நினைவுப் பலகையில் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வீதிகளுக்குக் கல்லுடைத்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. தம்பேதென்ன தோட்டத்தின் உச்சியில், தோமஸ் லிப்டன் அமர்ந்து தமது தேயிலை மலைகளைப் பார்வையிட்டதாகக் கூறப்படும் இடத்தில் அவரது உருவச் சிலை அமர்ந்த கோலத்தில் உள்ளது. உல்லாசப் பயணிகள் அருகில் அமர்ந்து படமெடுத்துக்கொள்கின்றனர். லிப்டன் மீது நமக்குத் தனிப்பட்ட மனத்தாங்கல் எதுவுமில்லை. அந்த உச்சிக்குச் செல்லும் ஏழு கிலோமீற்றர்ப் பாதையின் இருமருங்கிலும் நின்று கொழுந்து பறித்தவருள் ஒருவரது பெயராவது ஒரு கல்லிலாவது உண்டா என்பதே கேள்வி.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் இந்நாட்டில் பஞ்சமானதன்று என்பது உண்மையே. தேயிலைப் பெட்டியிலும் ஹோட்டல் சுவரிலும் விளம்பரப் பலகையிலும் அவள் சிரித்துக்கொண்டிருக்கின்றாள். ஆனால் அவளுக்குப் பெயர் கிடையாது. பெயரற்ற உருவம் வணிகச் சின்னமாக இருக்கலாம். நினைவுச் சின்னமாக இருத்தல் இயலாது. கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில், பழைய லயன் அறைகளிலேயே 2007இல் அமைக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் போன்ற முயற்சிகள் பாராட்டுக்குரியன. மலையக மக்களின் இருநூறு ஆண்டு வருகையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தேகியோர், வழியில் மாண்ட பெயரறியாதோரையே முதன்மையாக நினைவுகூர்ந்தனர். ஊவாவின் தோட்டங்களில் அதற்கு நிகரான நிலையான அடையாளம் இன்னும் எழவேண்டியுள்ளது.

காணியும் வீடும் நியாயமான சம்பளமும் கேட்டு நிற்கும் மக்களுக்குக் கல் எதற்கு என்று வினவுவோர் உளர். நியாயமான வினாதான். எனினும் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது இம்மக்களிடம் கேட்கப்பட்டது என்ன? தந்தை இந்நாட்டில் பிறந்தார் என்றோ, பாட்டனும் பூட்டனும் இந்நாட்டில் பிறந்தனர் என்றோ நிரூபிக்குமாறு கேட்கப்பட்டது. மூன்று தலைமுறையாக இங்கு உழைத்து இங்கேயே புதைந்தவர்களின் பிள்ளைகள் கையில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாது நின்றனர். ஒவ்வொரு தோட்டத்து மயானத்திலும் பெயரும் ஆண்டும் பொறித்த கற்கள் நின்றிருந்தாலும் அன்றைய ஆட்சியாளரின் மனம் மாறியிருக்கும் என நாம் கூறவில்லை. ஆயின் 'வந்து போகும் கூட்டம்' என்று மேடையில் பேசுவது அவ்வளவு எளிதாக இருந்திராது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியபோதும், உள்ளே எத்தனை பேர் என்ற எளிய கேள்விக்கு உடனடியாக விடை கிடைக்காது நாடே தடுமாறியதை மறந்துவிட முடியாது.

இனி, அவ்வாறான கல்லில் உருவம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதையும் சிந்திக்கலாம். ஏனெனில் நடுகல்லை அப்படியே பெயர்த்து வைத்தால் போதாது. நடுகல்லின் மனிதன் ஆயுதம் ஏந்திய ஆண். பழைய கற்களில் பெண்ணுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் கணவனோடு தீப்பாய்ந்தவள் என்ற இடமே. தேயிலை மலையிலோ உழைப்பின் பெரும்பகுதி பெண்களுடையது. வாளுக்குப் பதிலாகக் கவ்வாத்துக் கத்தியை ஆணின் கையில் கொடுத்துவிட்டு, அவளைப் பக்கத்தில் சிறிதாக நிறுத்துவது பெரும் பிழையாகும்.

கொழுந்து பறிப்பவளைச் சட்டத்தினுள் நிறுத்துவதில் சிற்பிக்கு உண்மையான சிக்கல் ஒன்றுண்டு. கூடையின் பாரம் முழுவதையும் தாங்குவது தலையில் மாட்டிய கயிறு. கூடை தொங்குவதோ முதுகில். அவளை நேர்முகமாகக் காட்டினால் கூடை மறைந்துவிடும். எஞ்சுவது விளம்பரத்துச் சிரிப்பு. முதுகுப்புறமாகக் காட்டினால் கூடை தெரியும், முகம் போய்விடும். பக்கவாட்டில் நிறுத்தினால் மாத்திரமே நெற்றிக்கு மேலிருந்து பின்னோக்கி இறுகும் கயிறும், அதற்கு ஈடுகொடுக்க முன்தள்ளி நிற்கும் கழுத்தும், இடுப்பில் கட்டிய படங்கும், அட்டைக்கடிக்குப் பழகிய வெறுங்காலும் ஒரே கோட்டில் வந்து அமையும். மேலும் அவள் நிற்பது சமதரையிலன்று, சரிவில். ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக ஊன்றி, இடுப்பு ஒருபுறம் ஒடிந்து, தோள் மறுபுறம் சாய்ந்து நிற்கின்றாள். புதுருவகலவில் தாரா தேவி இடை வளைந்து நிற்பதைக் கலை நூலோர் திரிபங்கம் என்பர். நமது மலைகளில் அது காலை ஏழரை மணிக்குத் தொடங்கும் வேலை நிலை.

முகத்தைப் பற்றிக் கவலை கொள்ளத் தேவையில்லை. நடுகற்களின் முகங்கள் எவருடைய சாயலும் அல்ல; ஆளை அடையாளப்படுத்துவது எழுத்தே. மறைந்தோரின் புகைப்படம் கிடையாதே என்று வருந்தும் குடும்பங்களுக்கு இது ஆறுதலான செய்தியாகும். சாதாரண உயரமான ஒரு கற்பலகை, உருவத்துக்கு இரண்டு அங்குலப் புடைப்பு, சுற்றிலும் நான்கு அங்குலச் சட்டம், அச்சட்டத்தின் மீது பெயர், ஊர், தோட்டம், ஆண்டு. கருங்கல்லுக்கு வழியில்லையேல் கம்பியிட்ட கொங்கிறீற்றில் வார்த்துச் சுதை வேலை செய்யவும் இயலும். ஆயின் நீர் உட்புகுந்து கம்பி துருப்பிடித்தால் சில பத்தாண்டுகளில் உருவம் வெடித்துப் பிளக்கும் என்பதைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். கல்லே மலிவானது என்பது நூறாண்டுக் கணக்கில் பார்ப்போருக்கே விளங்கும்.

செய்வதற்கு ஆட்களும் இல்லாமல் இல்லை. தோட்டத்துக் கோயில்களில் சுதை வேலை செய்து பழகிய கைகள் பசறையிலும் லுணுகலையிலும் மடுல்சீமையிலும் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் சித்திரமும் சிற்பமும் பயிலும் மலையகப் பிள்ளைகள் உள்ளனர். தேயிலைச் சாயத்தையே வண்ணமாகக் கொண்டு தம் மக்களின் வாழ்வை வரையும் ஓவியர்களும் தோன்றியுள்ளனர். கொழும்பிலிருந்து அச்சு வார்த்த சிலையொன்றைப் பாரவூர்தியில் ஏற்றி வந்து, அரசியல்வாதி ஒருவரின் பெயரைத் திறப்புவிழாப் பலகையில் பெரிதாகப் பொறித்து நிறுத்தும் வழக்கம் இவ்விடயத்திலாவது தவிர்க்கப்பட வேண்டும். அத்தகைய பலகைகளில் மாண்டவர் பெயரைவிடத் திறந்துவைத்தவர் பெயரே பெரிய எழுத்தில் இருப்பதை நாம் பல இடங்களில் கண்டிருக்கின்றோம்.

இடமும் கோயில் முன்றலாகவோ நகரச் சந்தியாகவோ இருத்தல் அவசியமன்று. பிரட்டுக்களமே பொருத்தமான இடமெனத் தோன்றுகின்றது. தலைமுறை தலைமுறையாக விடியற்காலையில் அங்குதான் பெயர் கூப்பிடப்பட்டது; அங்குதான் வராதவர் பெயர் வெட்டப்பட்டது. தோட்டம் தோட்டமாகப் பழைய செக்றோல் புத்தகங்கள் எஞ்சியுள்ளனவா எனத் தேடுவது முதல் வேலை. கறையானுக்கும் தீக்கும் பல இரையாகியிருக்கும். நிர்வாகம் கைமாறியபோது குப்பையில் வீசப்பட்டவையும் இருக்கும். ஆயினும் எண்பதைக் கடந்த மூதாட்டிகள் ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் இருவராவது இருக்கின்றனர். தம் பாட்டியின் பெயரையும், அவள் எந்த மலையில் எந்தக் கங்காணியின் கீழ் வேலை செய்தாள் என்பதையும், எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பதையும் அவர்கள் மனத்தில் வைத்திருக்கின்றனர். பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளின் சித்திரபாட ஆசிரியரும் வரலாற்றுப் பாட ஆசிரியரும் கூடி, வருகின்ற விடுமுறையில் பிள்ளைகளுக்கு இப்பெயர்களைக் கேட்டெழுதி வரும் பயிற்சியைக் கொடுக்கலாம். அதற்கு ஓர் அப்பியாசக் கொப்பியும் பென்சிலும் போதும்.